தாய்க்குலம் எங்கே போனது?

பழைய தமிழ்ப் பட விளம்பரங்களை எடுத்துப் பார்த்தால் ‘தாய்க்குலத்தின் பேராதரவுடன்’ என்ற வரி கண்ணில் படாமல் போகாது. படம் ஓடவேண்டுமென்றால் பெண்கள் வரவேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகள், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு தெருவே பின்னால் வரும். இது தயாரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த வரி விளம்பரங்களிலிருந்து எப்போது உதிர்ந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் அந்தத் தாய்க்குலம் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் ஏதாவது ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தாழ்வாரத்தில் நடந்து பாருங்கள். திறந்திருக்கும் கதவுகளில் பாதிக்குள் கொரிய நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் நம் வீடுகளும் உண்டு.

கொரியப் படங்களும் நாடகங்களும் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டன என்று கேட்டால் உடனே வரும் பதில்கள் எனக்குப் போதவில்லை. பளபளப்பான முகம், அழகான உடை, பாட்டுக் குழுக்கள், நெட்ஃபிளிக்ஸ் கொட்டும் பணம் என்பார்கள். பணம் உண்மைதான். நான்கு ஆண்டுகளில் கொரியப் படைப்புகளில் 250 கோடி அமெரிக்க டாலர் போடப்போவதாக 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் அறிவித்தது. ஆனால் யாரோ பணம் போட்டார்கள் என்பதற்காக என் அம்மா அழுவதில்லை. எழுபதைத் தாண்டியவர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர், கொரியப் பாட்டுக் குழு ஒன்றின் பெயர்கூடத் தெரியாதவர். கொரிய நாடகத்தில் அவர் பார்ப்பது புதிய சரக்கு அல்ல. தமிழ் சினிமா ஒரு காலத்தில் அவருக்குத் தாராளமாகக் கொடுத்து, பிறகு சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டதைத்தான் அங்கே பார்க்கிறார். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக்குள் கொரியா நுழைந்தது ‘டே ஜாங் கும்’ வழியாக. தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சி 2003இல் ஒளிபரப்பத் தொடங்கிய, 54 பகுதிகள் கொண்ட சரித்திர நாடகம். அரண்மனைச் சமையற்கட்டில் சேரும் ஓர் அநாதைப் பெண் மெல்ல மெல்ல வளர்ந்து அரசருக்கே வைத்தியம் பார்ப்பவளாக ஆகும் கதை. எங்கள் தொலைக்காட்சியில் அது சீனம் பேசியது. அம்மாவுக்குச் சீனம் தெரியாது, கீழே ஓடும் ஆங்கிலத்தை அந்த வேகத்தில் படிக்கவும் வராது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வந்து உட்கார்ந்து மலாயில் கதை சொல்லிக்கொண்டே வருவார். அந்தத் தலைமுறைப் பெண்களுக்குச் சந்தையில் பழகிய மலாய்தான் பொதுமொழி.

அதில் ஒரு கட்டம். காயம்பட்டுச் சாகக் கிடக்கும் தாய்க்குச் சிறுமி ஜாங் கும் காட்டுப் பழங்களைப் பறித்து வந்து வாயில் வைக்கிறாள். அந்தத் தாயின் கடைசிச் சாப்பாடு அதுதான். பல வருடங்கள் கழித்து, அரண்மனையில் நடக்கும் சமையல் போட்டியில், அரசர் முன்னால் அதே காட்டுப் பழத்தைக் கொண்டுவந்து வைக்கிறாள். இத்தனை பதார்த்தம் இருக்க இதை ஏன் வைத்தாய் என்று கேட்கிறார்கள். என் அம்மா கடைசியாக இதைச் சாப்பிட்டுச் சிரித்தபடி போனார், அரசரும் அம்மாவைப்போல ரசித்துச் சாப்பிடவேண்டும் என்று நினைத்தேன் என்கிறாள். ஆன்ட்டி மலாயில் சொல்வதை நிறுத்திவிட்டார். ‘கெசியான்’, பாவம், என்று மட்டும் மலாயில் முனகினார். அம்மாவும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். இரண்டு பேருக்கும் அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி மொழி தாண்டிப் படம் பார்ப்பது இந்தத் தீவுக்குப் பழக்கமான விஷயம்தான். பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ நடந்த நாட்களில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். 1950இல் ‘பக்தி’யில் மலாய்த் திரையின் பெரும் நட்சத்திரமான பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன் இந்திய வம்சாவளியினர். 1956இல் ‘ஹங் துவா’வை வண்ணத்தில் எடுத்த பணி மஜும்தார் வங்காளி. நம் பக்கத்துப் பாட்டும் பிரிவும் கண்ணீரும் இவர்கள் கையோடு மலாய்ப் படத்துக்குள் போயின, அங்கே மலாய்க்காரர்களின் சொந்தச் சொத்தாகவே ஆகிவிட்டன. ஆக, ஒரு தமிழம்மாவும் ஒரு சீன ஆன்ட்டியும் கொரிய நாடகத்தை மலாயில் பேசிப் பார்த்ததை நான் அதிசயமாக நினைக்கவில்லை. இந்த ஊர் அப்படித்தான்.

சரி, தமிழ் சினிமா அம்மாவுக்குக் கொடுத்தது என்ன? ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 1986இல் ஏவிஎம் தயாரிப்பில் விசு எழுதி இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’. சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. அதில் சண்டைக் காட்சி கிடையாது, வெளிநாட்டுப் பாட்டு கிடையாது. ஒரு வீடு, மூத்த மகனுக்கும் அப்பாவுக்கும் பணக் கணக்கில் வரும் தகராறு. அவ்வளவுதான். தகராறு முற்றி வீட்டின் நடுவே கோடு கிழிக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அப்பா விசு, அந்தப் பக்கம் மகன் ரகுவரன். இருவரையும் கட்டிப்போட்டிருக்கும் அந்த ஒற்றைக் கோடு எத்தனை அரிவாளை விடவும் கூர்மை! எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மனோரமா நுழைந்து ‘கண்ணம்மா, கம்முனு கெட’ என்று ஒரு காட்சி நடத்துவார். அழுத கண்ணோடு சனம் வாய்விட்டுச் சிரிக்கும்.

அந்தப் படத்தின் முடிவுதான் எனக்கு இன்னும் பெரிய விஷயம். பிரிந்த குடும்பத்தை மூத்த மருமகள் உமா, அதாவது லட்சுமி, ஒட்டவைக்கிறார். எல்லாரும் கோட்டை அழித்துவிட்டுச் சேர்ந்து வாழலாம் என்று நிற்கும்போது, வேண்டாம், நாங்கள் தனியாகவே இருக்கிறோம், விடுமுறை நாளில் வந்து பார்த்துக்கொள்கிறோம், அப்போதுதான் பாசம் நிலைக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ‘கூட்டுக் குடும்பம் வாழ்க’ என்று முடித்திருந்தால் கைத்தட்டல் நிச்சயம். அதை விட்டுவிட்டு நிஜமாக நடக்கக்கூடியதைச் சொன்னார் விசு. சிங்கப்பூரில் நாங்கள் எல்லாரும் உமாவின் ஏற்பாட்டில்தான் வாழ்கிறோம். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் அரசாங்கமே மானியம் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் அவரவர் வீடு. இந்த வாழ்க்கையை முப்பது வருடத்துக்கு முன்னாலேயே ஒரு தமிழ்ப் படம் யோசித்து வைத்திருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? 1993இல் சன் டிவி வந்தது. 1999இல் ராதிகாவின் ‘சித்தி’, 2002இல் ‘மெட்டி ஒலி’ என்று தொடர்கள் வரிசை கட்டின. வீட்டுக் கதை சொல்லும் வேலையைச் சினிமா தொலைக்காட்சியிடம் ஒப்படைத்துவிட்டு, ஹீரோவை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. நாளடைவில் ஒரு படத்தில் நான்கு பேர் உட்கார்ந்து குடும்ப விஷயம் பேசினாலே ‘சீரியல் மாதிரி இருக்கு’ என்று திட்டும் வழக்கமும் வந்தது. அந்தத் திட்டு நியாயமில்லாதது. சீரியல் மாதிரி இருப்பதில் தப்பில்லை, சீரியல் மாதிரி மோசமாக இருப்பதுதான் தப்பு. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டோம்.

தொலைக்காட்சித் தொடர்களோ முடிவே இல்லாமல் இழுத்தன. விஷம் வைப்பது, சொத்தைப் பிடுங்குவது, ஜாதகத்தை மாற்றுவது என்று ஓடி, முதலில் கதை என்னவாக இருந்தது என்று பார்ப்பவருக்கே மறந்துபோகும். கொரிய நாடகம் பெரும்பாலும் 16 பகுதி. தொடங்கியவன் முடிவு தெரிந்து தொடங்கியிருக்கிறான் என்ற நம்பிக்கை பார்ப்பவருக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் புதுயுகம் தொலைக்காட்சி பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னாலேயே கொரிய நாடகங்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பியது. ஊரில் இருக்கும் என் சித்தி பெண்கள் அதில்தான் விழுந்தார்கள். அவர்களுக்கு இணையமும் தேவைப்படவில்லை, ஆங்கிலமும் தேவைப்படவில்லை.

இப்போது ‘ரிப்ளை 1988’க்கு வருகிறேன். 2015 கடைசியில் டிவிஎன் அலைவரிசையில் வந்த 20 பகுதி நாடகம். சோல் நகரின் ஓரத்தில் ஒரு சந்து, ஐந்து குடும்பம், ஐந்து பிள்ளைகள். கதை என்று கேட்டால் சொல்வதற்கு அதிகம் கிடையாது. முதல் பகுதியில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். ஒரு வீட்டு அம்மா தான் செய்த பதார்த்தத்தைக் கிண்ணத்தில் போட்டு மகளிடம் கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்புகிறாள். அங்கிருந்து கிண்ணம் வெறுமனே திரும்புவதில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கையில் தட்டோடு சந்தில் எதிரும் புதிருமாக ஓடுகிறார்கள். கடைசியில் ஐந்து வீட்டு மேசையிலும் ஒரே சாப்பாடு. தீபாவளிக்கு முறுக்குத் தட்டும், நோன்புப் பெருநாளுக்குக் குவே என்ற மலாய்ப் பலகாரமும், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சும் தாழ்வாரத்தில் போய் வந்த புளோக்கில் வளர்ந்தவர்களுக்கு இது வெளிநாட்டுக் காட்சி இல்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “வெறுங் கிண்ணத்தை யாராவது திருப்பிக் குடுப்பாங்களாடி?” என்றார், அந்த ஊர்ப் பெண்களுக்கு நல்ல வளர்ப்பு என்று சான்றிதழ் கொடுப்பதுபோல.

இரண்டாம் பகுதியில் ஒரு சாவு வருகிறது. கதாநாயகி டக்-சன்னின் பாட்டி இறந்துபோகிறார். பிள்ளைகள் ஊருக்குப் போகிறார்கள். அங்கே அப்பாவும் அத்தைகளும் வந்தவர்களைச் சிரித்து வரவேற்கிறார்கள், சாப்பிடச் சொல்கிறார்கள், குடிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள். பாட்டிக்காக அழுதுகொண்டிருக்கும் டக்-சன்னுக்கு இந்தப் பெரியவர்களைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. ராத்திரி முழுக்க இப்படியே போகிறது. கடைசியில் அமெரிக்காவிலிருந்து மூத்த பெரியப்பா வந்து வாசலில் நிற்கிறார். அவ்வளவுதான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அலறுகிறார்கள். பெரியவர்கள் தாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், யார் தோளில் விழுந்து அழலாமோ அவர் வரும்வரை.

நம் பக்கத்துச் சாவு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பந்தலில் ஒரு பக்கம் அரசியல் பேச்சு, ஒரு பக்கம் காப்பி, பின்கட்டில் யாரோ பழைய கதை சொல்லிச் சிரிப்பு. வெளியூரிலிருந்து மகள் வந்து இறங்கும்போது மொத்த வீடும் ஒரே குரலில் வெடிக்கும். இங்கே புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் சாவிலும் அப்படித்தான். சிரிப்பும் அழுகையும் பயமும் பசியும் ஒரே வீட்டில் ஒரே ராத்திரியில் இருக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய காட்சி அது. கொரியர்கள் இந்தக் கலவையைப் பற்றி வெட்கப்படுவதில்லை. எனக்கு அவர்களிடம் பிடித்ததில் முதல் இடம் இதற்குத்தான். நாமோ காமெடியைத் தனியாக வெட்டி ஒருவரிடம் கொடுத்தோம், சென்டிமென்ட்டைத் தனியாக வெட்டி அம்மா பாத்திரத்துக்குக் கொடுத்தோம், பிறகு இரண்டுமே பழையது என்று தூக்கிப்போட்டோம். மிஞ்சியது துப்பாக்கி.

பேய்ப்படத்துக்கும் அவர்களிடம் இதே கணக்குத்தான். யான் சாங்-ஹோ இயக்கி 2016இல் வந்த ‘டிரெயின் டு பூசான்’ படத்தைத் தற்செயலாக அம்மாவும் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். சோலிலிருந்து பூசான் போகும் விரைவு ரயிலில் நடமாடும் பிணங்கள் ஏறிவிடுகின்றன. எப்போதும் வேலை வேலை என்று அலையும் ஓர் அப்பா, அவருடைய சின்னப் பெண். பள்ளி விழாவில் அந்தப் பெண் ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியிருப்பாள், பாட்டைக் கேட்க வேண்டிய அப்பா வராததால். படத்தின் முடிவில் இருட்டுச் சுரங்கத்துக்குள் நடந்து வரும்போது அதே பாட்டைப் பாடுகிறாள். அந்தக் குரல்தான், வருவது பிணமல்ல என்று ராணுவக்காரர்களுக்குச் சொல்கிறது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பேய்ப்படம்னு சொன்னே, இது அப்பா படம்டி” என்றார். இதைவிடச் சரியான விமர்சனம் அந்தப் படத்துக்கு நான் எங்கும் படித்ததில்லை. கொரியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் தியேட்டரில் அதைப் பார்த்தார்கள்.

‘பாரசைட்’ பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது. பாங் ஜூன்-ஹோவின் படம். 2019இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை, 2020 பிப்ரவரியில் சிறந்த படம் உள்ளிட்ட நான்கு ஆஸ்கர். ஆங்கிலம் அல்லாத ஒரு படம் அந்த முதல் பரிசை வாங்கியது அதுவே முதல்முறை. அந்த வாரமே தமிழ்நாட்டில் ஒரு சர்ச்சை கிளம்பியது. 1999இல் வந்த ‘மின்சார கண்ணா’வின் கதையை எடுத்துவிட்டார்கள் என்று அதன் தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. இணையம் முழுக்கக் கேலியும் பெருமையுமாக ஓடியது. எனக்கு அந்த ஒப்பீடு கேலிக்குரியதாகத் தோன்றவில்லை, யோசிக்க வைத்தது. ஒரு குடும்பமே உறவை மறைத்துக்கொண்டு ஒரு பணக்கார வீட்டில் ஒவ்வொருவராக வேலைக்குச் சேர்வது இரண்டிலும் உண்டு. நம் படத்தில் அது காதலுக்காக. கடைசியில் கல்யாணம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். கொரியப் படத்தில் அது சோற்றுக்காக; எந்தக் கல்யாணமும் அந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் படிக்கட்டைச் சமமாக்காது. மழை ராத்திரியில் அந்தக் குடும்பம் மேட்டுத் தெருவிலிருந்து இறங்கி இறங்கி இறங்கிப் போய்ச் சேரும்போது அவர்களுடைய பாதாள வீட்டில் சாக்கடைத் தண்ணீர் மார்பளவு நிற்கிறது. மறுநாள் காலை பணக்கார வீட்டம்மா, நேற்றைய மழை எவ்வளவு நல்லதாகப் போயிற்று, வானம் சுத்தமாகிவிட்டது என்று போனில் சொல்லிக்கொண்டே விருந்துக்குச் சாமான் வாங்குகிறாள்.

ஆனால் அந்தப் படிக்கட்டைத் தமிழ் சினிமா பார்க்காமல் இல்லை. மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ 2015இல் தியேட்டருக்கு வந்தது. கூவம் நாறும் குடிசைப் பகுதியில் இரண்டு பையன்கள், அவர்கள் விளையாடிய இடத்தில் முளைத்த பீட்சாக் கடை. காசும் சேர்த்து, புதுச்சட்டையும் சம்பாதித்துப் போட்டுக்கொண்டு போகிறார்கள். வாசலிலேயே அடி விழுகிறது. பிறகு எல்லாம் மாறி, கம்பளம் விரித்து அதே கடையில் உட்காரவைத்து ஊட்டிவிடும்போது, பாட்டி தோசையில் செய்து கொடுத்ததே நன்றாக இருந்தது என்று இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். சிரிக்கச் சிரிக்க எடுத்த படம். ‘பாரசைட்’டுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு அங்குலம்கூடக் குறைவில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். நம்மால் முடியும். நாம் அதைத் தொடர்ந்து செய்வதில்லை.

பெண்களைப் பற்றியே எழுதிக்கொண்டு வந்தேன், ஓர் ஆணின் கண்ணீரையும் சொல்லவேண்டும். என் கணவரின் ஊர்க்காரத் தம்பி ஒருவர் இங்கே கட்டுமான வேலையில் இருக்கிறார். பட்டுக்கோட்டைப் பக்கம். கடன்பட்டவர்கள் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாடும் கொரியத் தொடர் ‘ஸ்குவிட் கேம்’ 2021 செப்டம்பரில் வந்தபோது, கொரோனாவால் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து நினைத்தபடி வெளியே வர முடியாத கட்டுப்பாடு இன்னும் இருந்தது. அறையில் எல்லாரும் ஆளுக்கொரு போனில் பார்த்திருக்கிறார்கள். அதில் அலி என்று ஒரு பாத்திரம். கொரியாவில் கூலி வேலை செய்யும் பாகிஸ்தான்காரன். வேலையில் விரல் போய்விட்டது, முதலாளி மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை. நடித்தவர் டெல்லியில் பிறந்து கொரியாவில் நடிப்புப் படித்த அனுபம் திரிபாதி. எல்லாரையும் முதலாளி, முதலாளி என்று கூப்பிடும் அந்த அலியைப் படித்த கொரியன் சாங்-வூ, இனிமேல் அண்ணன் என்று கூப்பிடு என்கிறான். அலியின் முகம் அப்போது மலர்வதைப் பார்க்கவேண்டும். அதே அண்ணன்தான் கோலி விளையாட்டில் அவனுடைய பையில் கோலிக்குப் பதிலாகக் கல்லைப் போட்டுக் கொடுத்துச் சாகவிடுகிறான்.

கட்டுப்பாடு தளர்ந்து வீட்டுக்குச் சாப்பிட வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி இதைச் சொன்னார். “அக்கா, அலி செத்த அன்னிக்கு எங்க ரூம்ல யாரும் பேசிக்கல. பக்கத்து பெட்டு பங்களாதேஷ்காரன் எழுந்து போயி மூஞ்சி கழுவிட்டு வந்தான்.” மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஒரு பெரிய நட்சத்திரப் படம் இந்தத் தம்பிகளின் சம்பளத்தில்தான் இங்கே முதல் மூன்று நாள் ஓடுகிறது. அரங்கத்துக்குப் போய் விசிலடிப்பதும் அவர்கள்தான். அந்தப் படங்களில் அவர்களைப்போல ஓர் ஆள், வெளிநாட்டில் இரும்புக் கம்பி கட்டும் ஒரு தமிழன், முழு மனிதனாக எத்தனை முறை வந்திருக்கிறான்? கொரியாக்காரன் எழுதிய பாகிஸ்தானியிடம் போய் அவர்கள் தங்களைத் தேடவேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொரு வித்தியாசமும் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. கொரியாவில் ஒரு படத்தின் வெற்றியைத் தலைக்கணக்கில் சொல்கிறார்கள். எத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்பதே செய்தி. அங்கே திரைப்பட மன்றம் நாடு முழுவதும் உள்ள தியேட்டர்களின் டிக்கெட் விற்பனையைக் கணினியில் திரட்டி அன்றாடம் வெளியிடுகிறது. ஒரு கோடிப் பேரைத் தாண்டிய படங்களுக்குத் தனி மரியாதை. 2003 கடைசியில் வந்த ‘சில்மிடோ’தான் முதலில் அந்த எல்லையைத் தொட்டது, 2014இல் கடற்படைத் தளபதி யீ சுன்-சின்னைப் பற்றிய படத்தை 1 கோடியே 76 லட்சம் பேர் பார்த்தார்கள். மொத்த ஜனத்தொகையே 5 கோடிக்குக் கொஞ்சம் மேலே உள்ள நாட்டில்! பாட்டியையும் பேரனையும் சேர்த்து இழுக்காமல் அந்த எண் வராது. நம் பக்கம் எல்லாப் பேச்சும் வசூல்தான். முதல் நாள் எத்தனை கோடி, முதல் வாரம் எத்தனை கோடி. அந்தக் கோடியும் அவரவர் சொல்வதுதான் கணக்கு. கூடுதல் விலை கொடுத்து முதல் நாள் பார்க்கும் இளைஞன் ஒருவன், சாதாரண விலையில் மூன்றாம் வாரம் வரும் மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்குச் சமமாகிவிடுகிறான். அப்புறம் யாருக்காகப் படம் எடுப்பார்கள்?

கொரியர்கள் எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்லவில்லை. பணக்கார வீட்டுப் பையன் ஏழைப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென இழுத்துக்கொண்டு போவதைக் காதல் என்று பல வருடம் விற்றார்கள். நாடகத்தின் நடுவே காபிக் கடையும் முகப்பூச்சும் வலிய வந்து நிற்கும். ரத்தத்திலும் அவர்கள் சளைத்தவர்கள் இல்லை. பார்க் சான்-வூக்கின் ‘ஓல்ட்பாய்’ படத்தில் ஒருவன் சுத்தியலோடு ஒரு தாழ்வாரத்தில் கூட்டத்தை அடித்துக்கொண்டே போகும் காட்சி உலகப் பிரசித்தம். ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்தத் தாழ்வாரத்தில் அவன் களைக்கிறான், விழுகிறான், முதுகில் கத்தி குத்திக்கொண்டு நிற்க மூச்சு வாங்குகிறான். படம் முடியும்போது பழிவாங்கியவனும் பழிவாங்கப்பட்டவனும் இருவருமே நாசமாகியிருக்கிறார்கள். அடித்ததற்கு விலை உண்டு. நம் ஊர்ப் படங்களில் நூறு பேரைச் சாய்த்துவிட்டு மெதுநடையில் வரும் ஹீரோவின் சட்டை கசங்குவதில்லை. 16 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை என்று இங்கே முத்திரை குத்தப்படும் தமிழ்ப் படங்களுக்கு என் பிள்ளைகளை அழைத்துப் போக முடிவதில்லை, அம்மாவுக்கு வர விருப்பமில்லை. ஆக ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் போகும் சினிமாவாக அது ஆகிவிட்டது.

கூட்டம் வராது என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். 2025 மே மாதம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். இலங்கையிலிருந்து தப்பி வந்து சென்னைக் காலனி ஒன்றில் ஒளிந்து வாழும் குடும்பம், சசிகுமாரும் சிம்ரனும். பெரிய நட்சத்திரங்களின் படங்களுக்கு நடுவே வந்து, வாய்வழிப் பேச்சிலேயே வாரக்கணக்கில் ஓடியது. இங்கேயும் நாங்கள் போன காட்சியில் மூன்று தலைமுறையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு தாத்தாவை அழைத்து வந்திருந்தார்கள். வாசலில் விளக்கு அணையும்வரை பேசிக்கொண்டு நின்றார்கள்.

அதற்கு முந்தைய வருடம் வந்த ‘மெய்யழகன்’தான் என் மனதுக்கு இன்னும் நெருக்கம். பிரேம் குமார் இயக்கியது, இவருடைய ‘96’இல் ஜானு சிங்கப்பூரிலிருந்துதான் ஊருக்கு வருவாள். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, இருபது வருடத்துக்கு மேலே கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறான். ‘அத்தான், அத்தான்’ என்று ஓர் ஆள் ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பெயர் என்ன என்று அருள்மொழிக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். ராத்திரி முழுக்க இரண்டு பேரும் பேசுகிறார்கள். தான் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் அந்த ஆளின் குடும்பத்துக்குச் சோறு போட்டது என்று அருள்மொழிக்கு அப்போதுதான் தெரிகிறது. அரவிந்த் சாமியும் கார்த்தியும் அந்த ராத்திரியை நடத்திய விதத்தை நான் எந்தக் கொரிய நாடகத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மா படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவர் ஊர், அவர் விட்டுவிட்டு வந்த வீடு.

படம் நீளம், பேச்சு அதிகம் என்று சிலர் சொன்னதால் வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். நாங்கள் பார்த்தது வெட்டிய பிறகு. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதைக் கேட்க 20 பகுதி நாடகத்தைப் பொறுமையாகப் பார்க்கும் சனத்திடம், மூன்று மணி நேரம் தாங்காது என்று யார் சொன்னது? “வெட்டுனதுல என்னடி பேசுனாங்க?” என்று அம்மா வீட்டுக்கு வரும் வழியில் எம்ஆர்டி ரயிலில் கேட்டார். முழுப் படத்தையும் ஒருமுறை அப்படியே இங்கே திரையிட்டால் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து டிக்கெட் நிச்சயம், பக்கத்து வீட்டில் இரண்டு.